இரண்டு முறை எண்ணப்பட்ட அரை மைல்

ஆக்சிஜன் அயனியின் ஆரம் 1.32-ஆ, 1.40-ஆ என்று கேட்டு நீங்கள் இருவரும் எழுதிய கடிதம் போடிக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. அலமாரிக் கதவின் உட்புறம் நான் ஒட்டிவிட்டு வந்த பட்டியலில் இரண்டு எண்களும் இருக்கின்றன, ஒன்று கைப்பிழையாக இருக்க வேண்டும், எதை அடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதையும் அடிக்க வேண்டாம்.

இந்த ஒரு வரியோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் காரணம் சொல்லாத விடையை நம்பித்தான் நான் ஒருமுறை விழுந்தேன். அதனால் காரணத்தையும் எழுதுகிறேன். பணி அனுபவம் என்று இளையவர்களுக்கு எழுதுவது ஓய்வு பெற்றவர்களின் வேலை. எனக்கு இருபத்தொன்பது வயதுதான். என்றாலும் அந்த ஆய்வுக்கூட அறையைப் பொறுத்தவரை நானும் ஓய்வு பெற்றவள்தானே. இங்கே பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு விஞ்ஞானமும் கணக்கும் எடுக்கிறேன். எக்ஸ்ரே குழாயை ஓடவிட்டால் வரும் அந்த ஓசோன் வாசனை நான்கு வருஷம் என் புடவைகளில் இருந்தது. இப்போது போய்விட்டது.

முதலில், அந்த அறை எப்படி இருந்தது என்று சொல்கிறேன். நீங்கள் பார்க்கும் அறைதான், ஆனால் என் கணக்கில்.

ஜன்னல் ஒன்று. மேசை இரண்டு, முகத்தோடு முகம் ஒட்டிப் போட்டவை. நீளக் கணக்குகளைக் கூட்டுவதற்கு எண்கள் அச்சடித்த காகிதப் பட்டைகள் கொண்ட மரப்பெட்டி ஒன்று. மடக்கை அட்டவணை இரண்டு, அதில் ஒன்றுக்கு முதல் பதினாறு பக்கம் கிடையாது. இப்போது உங்களில் ஒருவர் என் மேசையில் உட்கார்ந்திருப்பீர்கள். எதிர் மேசையில் இருப்பவரை உங்களுக்குத் தெரியும். அவர் பெயரை இதில் எழுதப்போவதில்லை. எதிர் மேசைக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் தாள்கள் எப்போதும் என் பக்கம் சரிந்து வரும். சேர்ந்த புதிதில் இரண்டு மேசைக்கும் நடுவே சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இந்தக் கோட்டை எந்த அட்டவணைப்படி போட்டீங்க?" என்றார்.

"மேசை விளிம்புப்படி."

"என் பக்கம் எதிர் அயனி. எதிர் அயனி பெரிசு. உங்க பக்கம் நேர் அயனி, கொஞ்சம் சுருங்கி உட்காரணும்."

"சுத்தி ஆள் கூடினா நேர் அயனியும் பெரிசாகும் சார். புத்தகத்திலேயே இருக்கு."

அவர் சிரித்துவிட்டு அளவுகோலை எடுத்தார். நாற்காலியின் நடுவிலிருந்து நாற்காலியின் நடுவுக்கு அளந்தார். நாலடி இரண்டு அங்குலம். "இதில் நமக்குள்ள தகராறு கிடையாது. மிச்சத்தை அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லி, கோட்டைத் தன் கைக்குட்டையால் துடைத்தார்.

நம் துறையின் முழு விஷயமும் அந்த அளவில் இருந்தது. அன்றைக்கு அது எனக்கு வேடிக்கைப் பேச்சு மட்டும்தான்.

நீங்கள் புதியவர்கள் என்பதால் சொல்கிறேன். தெரிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். படிகத்தின் மேல் எக்ஸ்ரே பட்டு பிலிமில் விழும் புள்ளிகள், அணுக்களின் மையங்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும். ஒரு மையத்துக்கும் அடுத்த மையத்துக்கும் எவ்வளவு தூரம் என்று சொல்லும். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு ஆங்ஸ்ட்ரம். அதிலும் நூறில் ஒன்றிரண்டு பங்கு வரைக்கும் நம்பிச் சொல்லலாம். ஆனால் ஒரு அயனி எங்கே முடிகிறது, பக்கத்து அயனி எங்கே தொடங்குகிறது என்று எந்தப் பிலிமும் சொல்வதில்லை. அந்த எல்லையை நாம்தான் போடுகிறோம். ஒளியை எந்த அயனி எவ்வளவு வளைக்கிறது என்பதை வைத்துப் பங்கு பிரித்தவர்கள் ஆக்சிஜனுக்கு 1.32 கொடுத்தார்கள். அணுக்கரு தன் எலக்ட்ரான்களை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதை வைத்துப் பிரித்தவர்கள் 1.40 கொடுத்தார்கள். ஆக்சிஜனுக்குக் கூடக் கொடுத்தவர்கள் உலோகத்துக்குக் குறைத்துக் கொடுத்தார்கள். கூட்டிப் பார்த்தால் இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒரே தூரம் வரும். இரண்டும் சரிதான், தனித்தனியாக இருக்கும் வரைக்கும்.

என் குற்றம், எனக்குப் பட்டியல்கள் பிடிக்கும் என்பது.

சேர்ந்த முதல் வருஷம், அறையில் எல்லோரும் ஆரம் தேடி ஐந்தாறு புத்தகங்களைப் புரட்டுவதைப் பார்த்தேன். ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே தாளில் அகர வரிசையில் எழுதினேன். சிவப்பு மையில் நேர் அயனிகள், நீல மையில் எதிர் அயனிகள். நேர் அயனிகளை ஒரு புத்தகத்திலிருந்து ஒரு நாள் எடுத்தேன். அந்தப் புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். எதிர் அயனிகளை இன்னொரு புத்தகத்திலிருந்து இன்னொரு நாள் எடுத்தேன். எந்த எண் எங்கிருந்து வந்தது என்று எழுதினால் தாள் அடைசலாகத் தெரியும் என்று எழுதாமல் விட்டேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. பேராசிரியர் பார்த்துவிட்டு, "இதை அலமாரிக் கதவில் ஒட்டுங்க. எல்லாருக்கும் உதவும்" என்றார். எல்லோருக்கும் உதவியது.

ஐம்பத்தேழாம் வருஷம் நான் ஒரு ஸ்ட்ரான்சியம் உப்பை முடித்தேன். எதிர் மேசைக்காரர் ஒரு பேரியம் உப்பை முடித்தார். என் உப்பில் ஸ்ட்ரான்சியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் தூரம் 2.58. ஆரங்களைக் கூட்டினால் 2.67 வரவேண்டும். அவர் உப்பில் 2.75 இருந்தது, வரவேண்டியது 2.83. என்னுடையது நூறில் ஒன்பது பங்கு குறைவு, அவருடையது எட்டு. எங்கள் பிழை எல்லைக்குள் அந்த இரண்டும் ஒன்றுதான். இரண்டு உப்பு, இரண்டு ஆள், இரண்டு வேறு படிகங்கள், ஆனால் ஒரே குறுக்கம். இந்த அயனிகள் ஒன்றையொன்று வழக்கத்தைவிட நெருங்குகின்றன, இங்கே புதிய வகைப் பிணைப்பு ஒன்று இருக்கிறது என்று இரண்டு பேர் பெயரிலும் ஒரு குறிப்பு எழுதினோம்.

அந்தக் குறிப்பில்தான் என் இருப்பும் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் நிரந்தர வேலையில் இருந்தார். நான் உதவித்தொகையில். மார்ச்சில் என் காலம் முடியும். அந்த வருஷத்து விஞ்ஞான மாநாட்டில் குறிப்பு பேசப்பட்டால் இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கக் கேட்பதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். இரண்டு வருஷம் என்றால் எனக்கு இன்னும் மூன்று படிகங்கள். நாலடி இரண்டு அங்குலம் தள்ளி ஒருவர் பென்சில் சீவும் சத்தமும் அதில் சேர்த்தி. இதையும் பட்டியலில் எழுதிவிடுகிறேன், விட்டால் கணக்கு பொய்யாகும்.

மாநாட்டுக்குப் பத்து நாள் முன்னால் அப்பா எஸ்டேட்டில் வழுக்கி விழுந்து கால் முறிந்ததாகத் தகவல் வந்தது. அப்பா போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கர். ஏலம் பறிக்கும் காலம், இறங்கி வரமாட்டேன் என்று மாவுக்கட்டோடு அங்கேயே இருந்தார். அம்மா போடியில். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குறிப்பை எதிர் மேசைக்காரர் வாசிப்பதாக ஏற்பாடு. அவர் வியாழக்கிழமை மாலை ரயில் ஏற வேண்டும்.

புதன்கிழமை காலை மருந்து, எண்ணெய், மாற்று வேட்டி, என் நோட்டு இவற்றோடு எஸ்டேட் ஜீப்பில் ஏறினேன். ஓட்டுபவர் மாயாண்டி அண்ணன். பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவே தங்கம்மா உட்கார்ந்திருந்தார். எஸ்டேட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண், பாதி மலையாளம் கலந்துதான் பேசுவார்.

முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியதுமே மாயாண்டி அண்ணன் புலம்ப ஆரம்பித்துவிட்டார்.

"படிச்ச பிள்ளை, நீயே சொல்லு ஆத்தா. ஆபீசுல எம் மீட்டரு கெட்டுப்போச்சுன்னு சொல்றாக. மாத்தலேன்னா வண்டிய வேற ஆளுகிட்டக் குடுத்துருவாகளாம்."

"ஏன்ணே, என்ன கோளாறு?"

"போடியில இருந்து மெட்டு பதினாறு மைலு, கல்லுல போட்டிருக்கு. மெட்டுல இருந்து நம்ம எஸ்டேட்டு ஆறு மைலு, அதுவும் கல்லுல போட்டிருக்கு. ஆக இருவத்திரெண்டு. எம் மீட்டரு இருவத்தொண்ணரைதான் காட்டுது."

"வண்டி மெட்டுல அரை மைலு உறங்கிப் போவுது. டிரைவரைப் போலத்தன்னே வண்டியும்" என்றார் தங்கம்மா.

"நீ மூட்டையப் பிடிச்சுக்கிட்டு உக்காரு. நாயம் பேசிக்கிட்டு இருக்கேன்ல."

"நாயம் பேசு. ரோட்டைப் பார்த்துப் பேசு. அது மதி, அது போதும் எனக்கு."

எனக்கு இந்த மாதிரிக் கணக்கு என்றால் பிடிக்கும். "வேற எஸ்டேட்டுக்குப் போனா எவ்வளவு குறையுதுண்ணே?" என்று கேட்டேன்.

"அதத்தான் சொல்ல வர்றேன். மெட்டத் தாண்டி ரெண்டு மைலுல ஒரு எஸ்டேட்டு இருக்கு. அங்க போனாலும் அரை மைலு இடிக்குது. இருவது மைலு தள்ளிப் போனாலும் அதே அரை மைலுதான் இடிக்குது."

"மெட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும் ஓட்டினா?"

"அப்ப இடிக்கல. சுத்தமா இருக்கு."

"அப்ப மீட்டர் நல்லாத்தான் இருக்கு. மீட்டர் கெட்டிருந்தா தூரம் கூடக் கூடக் குறைவும் கூடணும். பக்கத்துக்கும் தூரத்துக்கும் ஒரே குறைவுன்னா, தப்பு வழியில ஒரே ஒரு இடத்துல இருக்கு. மெட்டுலதான் இருக்கணும்."

"ஆபீசுல வந்து இதச் சொல்றியா தாயி?"

"முதல்ல கல்லைப் பார்ப்போம்."

மெட்டில் மாநில எல்லை பிரித்த பிறகு போட்ட புதுச் சாவடி இருந்தது. அங்கே டீக்கடையில் நிறுத்தினோம். மேகம் இறங்கிக் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது. நான் மட்டும் சாலையில் நடந்து கற்களைப் பார்த்தேன். நம் பக்கத்துக் கல் வரிசை சாவடியைத் தாண்டி ஒரு சுனை வரைக்கும் போய் அங்கேதான் பதினாறு என்று முடிந்தது. அந்தப் பக்கத்துப் பழைய சமஸ்தானத்துக் கல் வரிசை சாவடிக்குக் கீழே, நம் பக்கத்து ஒரு வளைவிலேயே சுழியத்தில் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவே அரை மைல். அந்த அரை மைலை இரண்டு பேருமே தங்கள் கணக்கில் வைத்திருந்தார்கள். அவரவர் கல்லை அவரவர் வரைக்கும் நம்பினால் குறையே இல்லை. இவர்கள் பதினாறையும் அவர்கள் ஆறையும் கூட்டினால்தான் சாலை நீண்டுவிடும்.

திரும்பி வந்து மாயாண்டி அண்ணனிடம் சந்தோஷமாகச் சொன்னேன். "ஒங்க மீட்டர் சரிண்ணே. ரோடு இருபத்தொண்ணரைதான். இங்க ஒருத்தர் கல்லையும் அங்க ஒருத்தர் கல்லையும் எடுத்துக் கூட்டக் கூடாது. கூட்டினா எல்லை ரெண்டு தடவை எண்ணுப்படும். எந்த எஸ்டேட்டுக்குப் போனாலும் அதே அளவு குறையுற மாதிரித் தெரியும்."

சொல்லி முடித்த வாய் மூடவில்லை. நான் சொன்னதை நானே கேட்டேன்.

ஸ்ட்ரான்சியம் சிறியது. பேரியம் பெரியது. இரண்டிலும் குறுக்கம் ஒரே அளவு. பக்கத்து எஸ்டேட்டுக்கும் தூரத்து எஸ்டேட்டுக்கும் ஒரே அரை மைல்.

ஜீப்பிலிருந்து நோட்டை எடுத்தேன். அதில் அதே பட்டியலின் நகல் இருந்தது, சிவப்பு மையும் நீல மையும். எது எந்தப் புத்தகம் என்று ஒரு எழுத்துகூட இல்லை. சந்தேகம் ஒன்று, நிச்சயம் வேறொன்று, இல்லையா. மலை மேல் புத்தகம் எங்கே கிடைக்கும்? அப்போது மக்னீசிய ஆக்சைடு நினைவுக்கு வந்தது. உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ தடவை அளந்த படிகம், அதில் தூரம் 2.10. இது நம் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். என் பட்டியலைக் கூட்டினேன். மக்னீசியம் 0.78, ஆக்சிஜன் 1.40. மொத்தம் 2.18. நூறில் எட்டு பங்கு கூடுதல். இதில் புதிய பிணைப்பு என்று யாரும் சொல்ல முடியாது. 1.40க்குப் பதில் 1.32 போட்டால் சரியாக 2.10. 0.78 என்பது ஆக்சிஜனுக்கு 1.32 கொடுத்தவர்களின் எண். 1.40 மற்றவர்களுடையது.

படிகங்கள் நெருங்கவில்லை. என் அளவுகோல் நீண்டிருந்தது. இரண்டு பேர் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தோம் என்று பெருமையாக எழுதியிருந்தோமே, நாங்கள் தனித்தனியே வரவில்லை. ஒரே அலமாரிக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்திருந்தோம். இதை நீங்கள் இருவரும் எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தாளைப் பார்த்து இரண்டு பேர் செய்யும் தவறு, பார்ப்பதற்குச் சான்று போலவே இருக்கும்.

தங்கம்மா டீயை நீட்டினார். "எந்தா பிள்ளை, முகம் வெளுத்துப் போச்சு? தலை சுத்துதா?"

"இல்லக்கா. ஒரு தந்தி குடுக்கணும். இப்பவே."

"மேல தந்தியாபீசு ஏது? கீழதான் போகணும்" என்றார் மாயாண்டி அண்ணன். "நான் லோடை எறக்கிட்டுச் சாயங்காலந்தான் திரும்புவேன். அப்ப ஆபீசு மூடிருவான்."

இன்னும் ஆறு மைலில் அப்பா. வருவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தேன், வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். நாளைக் காலை இறங்கிப் போய்த் தந்தி கொடுத்தால், ரயிலுக்கு முன் அவர் கையில் சேரலாம், சேராமலும் போகலாம். சேராமல் போனால் அது என் குற்றமில்லை என்று சொல்லிக்கொள்ளவும் வழி இருந்தது. குறிப்பு வாசிக்கப்பட்டுவிடும். நீட்டிப்பு வந்துவிடும். பிறகு ஒரு நாள் திருத்தம் எழுதிக்கொள்ளலாம். இவ்வளவும் ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் என் மனதில் வரிசையாக வந்து நின்றன. பட்டியல் போடும் புத்தி தப்பு வழியையும் வரிசைப்படுத்தித் தந்துவிடுகிறது.

அடிவாரம் பார்த்து ஏலக்காய் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்றிருந்தது. மாயாண்டி அண்ணனிடம் கேட்டேன்.

"நம்ம பய வண்டிதான். முன்னாடி உக்காந்துக்க. வெரசாப் போவான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பா கேட்டா என்னன்னு சொல்ல?" என்றார்.

"ஒரு தப்புக் கணக்கு, அதை நிறுத்தப் போயிருக்கான்னு சொல்லுங்க. அவருக்குப் புரியும்."

மருந்துப் பையைத் தங்கம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "ஞான் குடுக்கும். நீ போய்க்கோ."

இறங்கும்போது ஒரு வளைவுகூட எனக்கு நினைவில்லை. தந்திக்கு வாசகம் எழுதிக்கொண்டே வந்தேன். முதலில் எழுதியது: 'ஆரங்களில் சந்தேகம் உள்ளது, சரிபார்க்கவும்.' அடித்தேன். எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. தெரிந்ததைச் சந்தேகம் என்று எழுதினால், நிறுத்தும் பொறுப்பு என் கையிலிருந்து அவர் கைக்கு மாறிவிடும். ரயில் ஏறப்போகும் மனிதர், அவர் உழைப்பும் அதில் இருக்கிறது. சந்தேகம் என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறிவிடக்கூடும்.

போடி தபாலாபீசில் மணி மூன்று. போஸ்ட் மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசகத்தைப் படித்தார். எங்கள் தெருக்காரர்.

"ஸ்ட்ரான்சியமா? பேப்பர்ல வருதேம்மா. குண்டு வெடிச்சா பால்ல எல்லாம் கலந்துருமாமே, அதுவா?"

"பேரு அதுதான் சார். இது வேற. இது வெடிக்காது."

"வெடிக்காத சாமானுக்கு எதுக்கும்மா அவசரத் தந்தி?"

"நாளைக்கு வெடிச்சிரும் சார். அனுப்பிருங்க."

அவர் ஒரு தரம் என்னைப் பார்த்தார். பிறகு படிவத்தில் சொற்களைப் பென்சிலால் தட்டித் தட்டி எண்ணினார். நான் அனுப்பிய வாசகம் இது: 'என் பட்டியல் தவறு. இரண்டு அட்டவணை கலந்துள்ளது. ஸ்ட்ரான்சியம் பேரியம் இரண்டிலும் குறுக்கம் இல்லை. மக்னீசிய ஆக்சைடு கூட்டிப் பார்க்கவும். தூரங்கள் மட்டும் சரி.'

அன்று வேறு வண்டி இல்லை. மறுநாளும் மலைக்குப் போகவில்லை. போயிருக்க வேண்டும், அப்பா காத்திருந்தார். பதில் வருமோ என்று தபாலாபீஸ் எதிரே உள்ள கடையில் அம்மாவுக்குத் தேவையில்லாத சாமான்களாக வாங்கிக்கொண்டு நின்றேன். இரண்டு ரீல் நூல், ஒரு சீப்பு, கால் படி உளுந்து. பகல் இரண்டரைக்கு போஸ்ட் மாஸ்டர் வாசலில் வந்து கூப்பிட்டார். உறையைக் கொடுப்பதற்கு முன்னாலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"ஒங்க சாமான் வெடிக்கலை போல இருக்கும்மா. அதோட ஒங்க அப்பாவையும் விசாரிச்சிருக்காரு."

பதில் இவ்வளவுதான்: 'கூட்டினேன். 2.18. குறுக்கத்தை நீக்கிவிட்டேன். தூரங்கள் நிற்கின்றன. அப்பா கால் எப்படி.'

தந்தியில் அப்படி ஒரு கேள்வி யாரும் கேட்பதில்லை. அதற்கு நான் தந்தியில் பதில் கொடுக்கவில்லை. மறுநாள் மலையேறி, அப்பா காலைப் பார்த்துவிட்டு, கடிதத்தில் எழுதினேன். கட்டுப் பிரிக்க ஆறு வாரம், வலி குறைவு, பசி உண்டு என்று வரிசையாக. வேறு எதுவும் எழுதத் தெரியவில்லை.

அப்பா கோபப்படவில்லை. "கணக்கு நேராயிருச்சா?" என்று கேட்டார். ஆயிற்று என்றேன். மாயாண்டி அண்ணன் மீட்டரையும் ஆபீசில் யாரும் மாற்றச் சொல்லவில்லை. இரண்டு கல் வரிசையையும் நான் வரைந்து கொடுத்த படத்தை அவர் ஜீப் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் அரை மைலை விரலால் தொட்டுக் காட்டுவாராம்.

மாநாட்டில் எதிர் மேசைக்காரர் இரண்டு தூரங்களை மட்டும் வாசித்தார். பத்து நிமிஷத்தில் முடிந்தது, கேள்வி ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்து நான் மன்னிப்புக் கேட்டபோது, "கதவைத் திறந்து பார்த்தது நானும்தானே" என்றார். மார்ச்சில் ஒரே ஒரு உதவித்தொகைதான் நீட்டிக்கப்பட்டது. அது என்னுடையது இல்லை. கொடுத்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. பேசப்படும்படியான முடிவு எதுவும் அந்த வருஷம் என் கையில் இருக்கவில்லை. தந்தி அனுப்பாமல் இருந்திருக்கலாமோ என்று நினைத்ததுண்டா என்று நீங்கள் கேட்கக்கூடும். இல்லை. ஆனால் அந்த அறையில் இருந்திருக்கலாமோ என்று நினைக்காத நாளும் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கூட்டாமல் தனித்தனியே வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் பழைய பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிது எழுதினேன். அதுதான் நீங்கள் பார்ப்பது. இரண்டு பத்திகள், ஒவ்வொன்றின் தலையிலும் அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு, நடுவே இரட்டைக் கோடு. அந்தக் கோட்டைத் தாண்டி எதையும் கூட்டாதீர்கள். பக்கத்து அயனிகள் எத்தனை என்பதைப் பொறுத்தும் ஆரம் மாறும், அதற்கான திருத்தம் கீழே இருக்கிறது. புதிய அட்டவணை வந்தால் மூன்றாவது பத்தி போடுங்கள், வலது பக்கம் இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் இருவரும் ஒரே விடைக்கு வந்தால், இரண்டு பேரும் எந்தத் தாளைப் பார்த்தீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சுக்கு அனுப்பும்போது மையத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரத்தை முதலில் எழுதுங்கள். ஆரங்களை நாளை வேறொருவர் வேறு மாதிரிப் பிரிப்பார். தூரம் அப்படியே இருக்கும். என் 2.58 இன்னும் நிற்கிறது என்று கேள்விப்பட்டேன்.

வகுப்பில் போன வாரம் ஒரு பெண் கேட்டாள், "டீச்சர், அணு எவ்வளவு பெரிசு?" யாரோடு சேர்ந்து இருக்கிறது என்று சொல்லு, அப்புறம் சொல்கிறேன் என்றேன். வகுப்பு சிரித்தது. நான் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

எனக்கு ஒரே ஒரு உதவி செய்ய வேண்டும். எதிர் மேசைக்காரர் சாப்பிடப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, ஒரு அளவுகோலை எடுத்து, அவர் நாற்காலியின் நடுவிலிருந்து உங்கள் நாற்காலியின் நடுவுக்கு அளந்து எழுதுங்கள். நாலடி இரண்டு அங்குலம் இருக்க வேண்டும். இடையில் கோடு எதுவும் இருந்தால் அதை அளக்க வேண்டாம்.